தம்பியின் கதையை விண்ணப்பத்தில் எழுதலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 26. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் அப்பா, அம்மா, தம்பியோடு இருக்கிறேன். உளவியலில் இளங்கலைக்கு மேல் ஓராண்டு ஆனர்ஸ் முடித்திருக்கிறேன், 66 சதவீதம். இப்போது ஒரு கால் சென்டரில் வேலை. மருத்துவ உளவியல் முதுகலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை நேர்காணலுக்கே அழைக்கவில்லை. போன ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் அழைத்தது.

விண்ணப்பத்தோடு கேட்ட வாழ்க்கைக் கட்டுரையில் தம்பியைப் பற்றி எழுதியிருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்குச் சுகர்ஸ் என்ற போதைப்பொடிப் பழக்கம். வீட்டுக் குழாய்களிலிருந்து என் லேப்டாப் வரை விற்றுவிட்டான். பாட்டி விட்டுப்போன பித்தளைக் குத்துவிளக்கையும் ஒருநாள் எடுத்துப்போய்விட்டான். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து, பணம் கொடுத்து மீட்டு, வேலைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, அம்மா பார்ப்பதற்குள் சாமி அறையில் வைத்துவிட்டேன். "என் தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றவர்களையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் இந்தத் துறைக்கு வருகிறேன்" என்று கட்டுரையை முடித்தேன். நேர்காணலில் அவனைப் பற்றிக் கேட்டபோது அழுதுவிட்டேன். இடம் கிடைக்கவில்லை.

அழுததால்தான் தள்ளிவிட்டார்களா? இந்த முறை தம்பி விஷயத்தையே விட்டுவிடட்டுமா? ஆனர்ஸ் ஆண்டில் எனக்கு மனச்சோர்வு வந்து சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமா? வீட்டு மானத்தை அந்நியர்களிடம் போய்ச் சொல்லிவிட்டாயே என்று அம்மா இன்னும் வருந்துகிறார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் மாமா, ஆராய்ச்சி எம்.ஏ. சேர்ந்துவிடு, அதுவும் உளவியல்தானே என்கிறார். நம் இந்தியப் பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் இடமே கொடுப்பதில்லை என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாவது முறையும் முயற்சி செய்யட்டுமா, அம்மா சொல்வதுபோல் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அழுததற்காக உங்களைத் தள்ளியிருக்க மாட்டார்கள். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். ஒருவர் வாழ்க்கையின் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, அவர் கண் கலங்கினார் என்று மதிப்பெண் குறைப்பது எங்கள் தொழிலுக்கே அடுக்காது. குழு கவனிப்பது அழுகைக்குப் பிறகு வரும் சில நிமிடங்களை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சுக்குத் திரும்பி வர முடிகிறதா? அந்தக் கேள்வி தன்னை ஏன் இப்படி உலுக்கியது என்று அங்கேயே ஒரு கணம் யோசிக்க முடிகிறதா? அல்லது மன்னிப்புக் கேட்பதிலேயே மீதி நேரம் கழிந்துவிடுகிறதா? அன்று அதற்குப் பின் என்ன பேசினீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. நினைவிருக்கும்வரை அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் இந்தப் படிப்பை நடத்தும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குப் பத்துப் பேரை ஒட்டித்தான் எடுக்கிறது. சில இடங்களில் அதற்கும் குறைவு. விண்ணப்பங்களோ நூற்றுக்கணக்கில் வருகின்றன. மாணவர் பார்க்கும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அனுபவமுள்ள ஒருவர் வாராவாரம் அவரோடு உட்கார்ந்து பேசி மேற்பார்வை செய்ய வேண்டும். மருத்துவமனைகளில் இன்டர்ன் இடங்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கூடுதலாக நான்கு நாற்காலி போட்டு ஆள் சேர்க்க முடியாத படிப்பு இது. ஆகவே இரண்டு முறை கிடைக்காமல் போவது இங்கே அன்றாடச் செய்தி. இன்று என்னோடு வேலை செய்யும் நல்ல உளவியலாளர்கள் பலர் முதல் முயற்சியில் உள்ளே வந்தவர்கள் இல்லை. போன ஆண்டு நேர்காணல் வரை போனீர்கள் என்றால், அந்தக் குவியலிலிருந்து உங்கள் தாளை யாரோ தனியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இனி நான் முக்கியமாகப் பேச விரும்புவது உங்கள் கட்டுரையின் கடைசி வாக்கியத்தைப் பற்றி. தம்பியைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றவர்களையாவது காப்பாற்ற வேண்டும் என்கிறீர்கள். அன்பிலிருந்து பிறந்த வாக்கியம்தான், பொய் இல்லை. ஆனால் குழுவில் இருப்பவர் அதைப் படிக்கும்போது உங்களை மட்டும் பார்ப்பதில்லை. இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் எதிரில் உட்காரப்போகும் நோயாளியையும் சேர்த்துப் பார்க்கிறார்.

அந்த நோயாளி இருபத்திரண்டு வயது இளைஞன் என்று வைத்துக்கொள்வோம். மட்டமான ஹெராயினோடு எதையெதையோ கலந்து நம் தெருக்களில் விற்கும் அதே பொடிதான் அவனுக்கும். நான்கு வாரம் ஒழுங்காக வருகிறான். ஐந்தாம் வாரம் வரவில்லை. ஆறாம் வாரம் கண் சுருங்கி, வாயில் ஒரு பொய்யோடு வருகிறான். மீண்டும் விழுவதும் எழுவதும் இந்த நோயின் போக்கிலேயே உள்ளது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அவனைக் காப்பாற்றத்தான் நான் வந்தேன் என்று உட்கார்ந்திருப்பவருக்கு அவன் விழுந்தது தன் தோல்வியாகத் தெரியும். உடனே கோபம் வரும். கோபத்தை அடக்கினால் பரிவு அளவு மீறும்: ஞாயிற்றுக்கிழமை இரவும் போனை எடுப்பீர்கள், பஸ் கட்டணத்துக்குக் காசு கொடுப்பீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் அவன் வராத நாளில் மனம் லேசாகிவிடும். இதில் எதுவும் அவனுக்கு உதவாது. அவனுக்கு வேண்டியது, அவனை இன்னொருவருடைய தம்பியாகப் பார்க்காமல் அவனாகவே பார்க்கும் ஒருவர். இரண்டாவது முறை விழுந்தாலும் மூன்றாவது முறை விழுந்தாலும், "போன வாரம் என்ன நடந்தது" என்று அதே குரலில் கேட்கக்கூடியவர்.

வீட்டுத் துயரம் இந்தத் துறைக்கு அழைத்து வந்தவர்கள் எங்களில் ஏராளம். அது குறையே இல்லை. அந்தத் துயரத்தோடு நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்பதைத்தான் குழு அறிய விரும்புகிறது. உங்கள் கட்டுரை தம்பிக்கு என்ன ஆனது என்று சொல்கிறது. உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை.

அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில் இருக்கிறது. குத்துவிளக்கு. பழைய இரும்புக் கடைக்குப் போனது நீங்கள். சொந்தச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்து, வேலைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே வைத்தது நீங்கள். மறுநாள் அம்மா அதில் திரி போட்டபோது ஒன்றும் நடக்காததுபோல் பக்கத்தில் நின்றதும் நீங்களாகத்தான் இருக்கும். அம்மாவின் மனத்தைக் காத்தீர்கள். தம்பியை அம்மாவின் கோபத்திலிருந்து காத்தீர்கள். கூடவே, வீட்டில் என்ன நடக்கிறது என்பது வீட்டாருக்கே தெரியாமல் போகவும் வழி செய்துவிட்டீர்கள். இதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பயம்? இதை யாரிடமாவது சொன்னீர்களா? எல்லோரும் உடைந்துவிடாமல் இருக்க ஒருத்தி மட்டும் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கும் வீட்டில், அவளுக்கு என்ன ஆகிறது? ஆனர்ஸ் ஆண்டில் வந்த மனச்சோர்வும் இதுவும் ஒரே காலமா?

இந்தக் கேள்விகளோடு சில வாரங்கள் இருந்துவிட்டு எழுதுங்கள். வித்தியாசம் எப்படித் தெரியும் என்று காட்டுகிறேன். "தம்பியின் போதைப் பழக்கத்தால் எங்கள் குடும்பம் சொல்ல முடியாத துன்பம் அடைந்தது, அந்தத் துன்பம் என்னை வலிமையானவளாக மாற்றியது" என்ற வகை வாக்கியத்தை எந்தக் குழுவும் ஒவ்வோர் ஆண்டும் டஜன் கணக்கில் படிக்கிறது. துன்பம் உண்மை, வாக்கியம் யாருடையது என்றுதான் தெரியாது. இதையே இப்படி எழுதினால்? "எங்கள் வீட்டில் கெட்ட செய்தி முதலில் எனக்குத்தான் தெரியும், அதை மறைப்பதும் என் வேலை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். என்னிடம் உதவி கேட்காத ஒருவரோடு நான் எப்படி இருப்பேன் என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை." இதைப் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கடைசி வரியில் ஒரு குறை ஒப்புக்கொள்ளப்படுகிறதே என்று பயப்பட வேண்டாம். பயிற்சி கேட்டு வருகிறவர் எல்லாம் தெரிந்தவராக இருந்தால், பயிற்சி எதற்கு? இந்த வாக்கியங்கள் நான் எழுதியவை, அப்படியே எடுத்துவிடாதீர்கள். உங்களுடையது வேறு மாதிரி வரும், இதைவிட நன்றாக வரும்.

ஆகவே தம்பியை விட்டுவிட வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவனை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை வெறுமையாகத் தெரியும். ஆனால் அவன் என்னென்ன விற்றான், எப்போது போலீஸ் வந்தது, எந்தப் பள்ளியிலிருந்து நின்றான் என்ற விவரங்கள் அவனுடையவை. அவற்றை எடுத்துவிடுங்கள். அவனுக்கு இரண்டு மூன்று வரி போதும். நாளை நோயாளிகளின் ரகசியத்தைக் காக்கப்போகிறவர் தம்பியின் ரகசியத்தை எப்படிக் கையாள்கிறார் என்பதும் குழுவின் கண்ணில் படும்.

அம்மாவின் வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அவர் தலைமுறையின் பெற்றோர்களை இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தின் ஒட்டு வீடுகளில் கொண்டுவந்து வைத்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் இங்கே கேட்கும் சுவர்கள். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் அந்த வரிசையில், வாயைக் கட்டிக்கொண்டால்தான் கொஞ்சமாவது மானத்தோடு இருக்க முடிந்தது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகாது. விண்ணப்பக் கட்டுரையைத் தேர்வுக் குழுவைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை, அவர்கள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்த முறை அனுப்புவதற்கு முன்பே, தம்பியைப் பற்றி இவ்வளவுதான் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை, தெரிந்திருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒரு விஷயத்தை அம்மா முன்கூட்டியே தெரிந்துகொள்வது அதுவே முதல் முறையாகக்கூட இருக்கலாம்.

மனச்சோர்வைப் பற்றி. நோயின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உளவியலாளர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ., அதாவது சுகாதாரத் தொழில்களுக்கான மன்றம், கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: உடல்நிலையோ மனநிலையோ ஒருவருடைய திறமையையும் தீர்ப்பையும் நடத்தையையும் பாதிக்கும் அளவுக்குப் போய், அதோடு அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட நிலையில்கூட அதைத் தண்டனைக்குரிய குற்றமாக நடத்தாமல் தனியான சுகாதாரக் குழு வழியாகத்தான் கையாளுகிறார்கள். நோய் வந்தது, சிகிச்சை எடுத்தேன், குணமாகி வேலை செய்கிறேன் என்பது எந்த வகையிலும் தகுதிக்குறைவு இல்லை. உங்கள் கதைக்கு அது தேவைப்பட்டால் ஒரு வரியில் சொல்லுங்கள், தேவைப்படாவிட்டால் விடுங்கள். நேர்காணலில் நேராகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். "ஆனர்ஸ் ஆண்டில் உதவி தேவைப்பட்டது, கேட்டு வாங்கிக்கொண்டேன்" என்ற பதில் போதும். மாத்திரையை மருத்துவர் சொல்லித்தான் நிறுத்தினீர்கள் என்று நம்புகிறேன்.

மாமாவின் யோசனைக்கு என் பதில் உறுதியான வேண்டாம். ஆராய்ச்சி எம்.ஏ. மதிப்புள்ள பட்டம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாது. அதன் மேல் முனைவர் பட்டம் வாங்கினாலும் முடியாது. இதை முடித்துவிட்டு, "நோயாளியைப் பார்க்க முடியாதாமே" என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி ஒன்றே ஒன்று: மூன்றாண்டு இளங்கலை, ஆனர்ஸ், பின்பு எச்.பி.சி.எஸ்.ஏ. அங்கீகரித்த தொழில்முறை முதுகலை. அந்த முதுகலையின் முதல் ஆண்டை எம் ஒன் என்பார்கள். வகுப்பும் நோயாளிகளும் மேற்பார்வையுமாக மூச்சுவிட நேரமிருக்காது. அடுத்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப். ஆய்வேட்டையும் முடிக்க வேண்டும். அதை இழுத்தடித்துவிட்டுப் பதிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. பிறகு தொழில் வாரியத் தேர்வும், ஓராண்டு கட்டாயச் சமூகச் சேவையும். ஆக மொத்தம் குறைந்தது 7 ஆண்டுகள். அதில் நான்கை நீங்கள் முடித்துவிட்டீர்கள். எந்தக் கல்லூரியின் விளம்பரத்தைப் பார்த்தாலும், அந்தப் படிப்பு எந்தப் பதிவுக்கு வழி செய்கிறது என்று எச்.பி.சி.எஸ்.ஏ.யின் பட்டியலில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

கோயிலில் பேசிக்கொள்வது பற்றி. பூசி மெழுகாமல் சொல்கிறேன்: ஆம், பல்கலைக்கழகங்கள் இனப் பின்னணியையும் மொழியையும் பார்க்கின்றன. பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. இன ஒதுக்கல் ஆட்சியைக் கட்டியெழுப்பிய வெர்வூர்ட், அரசியலுக்கு வருமுன் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். இந்தத் துறை இந்த நாட்டில் வளர்ந்தது அந்தக் காற்றில்தான். நம் இந்தியர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இருந்த பழைய கடற்படைக் கட்டடங்களில் தனிக் கல்லூரி திறந்தார்கள். அது வெஸ்ட்வில்லுக்குப் போய், 2004இல் நாட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாஜூலு-நாட்டால் பல்கலைக்கழகமானது. டர்பன் இந்தியரான சத்ஸ் கூப்பர், ராபன் தீவில் சிறைவாசம் அனுபவித்துவிட்டு வந்து உளவியலாளராகி, பின்னாளில் சர்வதேச உளவியல் அறிவியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். ஆகவே கதவு நமக்கு மூடியிருக்கிறது என்று சொல்வது சரியில்லை. ஒரு காலத்தில் வெகு சிலருக்கே திறந்திருந்த கதவில் இப்போது எல்லோரும் வரிசையில் நிற்கிறோம்.

அதைவிட உங்கள் கையில் இருக்கும் விஷயம் மொழி. நம் மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளில் உங்களிடம் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள். செவிலியரை மொழிபெயர்க்கச் சொல்லி உட்காரவைத்து ஒரு பெண்ணிடம் அவள் கணவன் அடிப்பதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தச் செவிலியர் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருப்பார், அவள் வாயே திறக்க மாட்டாள். "உங்களுக்கு ஜூலு தெரியுமா" என்று நேர்காணலில் கேட்டால், "கற்றுக்கொள்வேன்" என்ற பதிலுக்கு எடை கிடையாது. "பிப்ரவரியிலிருந்து வகுப்புக்குப் போகிறேன், இவ்வளவு பேச வருகிறது" என்று சொல்லி இரண்டு வாக்கியம் பேசிக்காட்டினால் அறையின் தட்பவெப்பமே மாறும். கடைத்தெரு ஜூலு போதாது. தூக்கம், பசி, பயம், துக்கம், சாவு, குரல் கேட்பது ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு வேண்டும். முன்னோர்கள் தன்னை அழைக்கிறார்கள் என்று ஒருவர் சொல்லும்போது அதைக் கேட்ட மாத்திரத்தில் நோயென்று எழுதிவிடாத மரியாதையும் அந்த மொழியோடு சேர்ந்தே வரும். தீமிதியும் காவடியும் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது மற்றவர்களைவிட எளிதாகவே புரியும். ஒருவர் மேல் அம்மன் இறங்குவதை ஆடி மாதத்தில் நேரில் கண்டவர்கள் நாம்.

இந்த ஆண்டில் நீங்கள் செய்ய வேண்டியதில் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது, உங்களுக்காக ஒரு உளசிகிச்சையாளரிடம் போவது. விண்ணப்பத்தில் காட்டுவதற்காக இல்லை. வீட்டில் எல்லோருடைய ரகசியத்தையும் சுமக்கும் நீங்கள் உங்களுடையதை ஓரிடத்தில் இறக்கிவைக்க வேண்டும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் பல்கலைக்கழக உளவியல் மையங்களில் குறைந்த செலவில் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் துறையின் மையத்துக்குப் போகாதீர்கள். இன்று உங்கள் கதையைக் கேட்டவரே நாளை தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தால் இருவருக்கும் சங்கடம். போதைக்கு அடிமையானவர்களின் உறவினர்களுக்கென்று நார்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. தம்பிக்கு உதவி தேவைப்படும்போது மது, போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் சான்கா அமைப்பின் டர்பன் கிளையைக் கேளுங்கள். அந்தப் போனை நீங்கள் மட்டும் செய்யாமல், அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

அனுபவம் என்று கேட்டால், லைஃப்லைன் தன்னார்வலர்களுக்கு நடத்தும் பயிற்சியை மனதாரச் சிபாரிசு செய்வேன். போனில் பிறருக்கு ஆலோசனை சொல்ல விடுவதற்கு முன்னால் தன்னைத்தானே அறிந்துகொள்ளும் வகுப்பு ஒன்றை வைக்கிறார்கள்; உங்களுக்கு அதுதான் வேண்டும். குழந்தைகளுக்கு உதவும் சைல்ட்லைனும் நல்ல இடம். ஏதாவது ஒன்றில் ஓராண்டு தொடர்ந்து இருங்கள். ஐந்து அமைப்புகளில் ஐந்து சனிக்கிழமை போய்ச் சான்றிதழ் சேர்ப்பதை யாரும் மதிப்பதில்லை. கால் சென்டர் வேலையையும் ஒதுக்காதீர்கள். கத்துகிற மனிதரைக் கத்தவிட்டு, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டு அறியும் வேலைதானே அது? எந்த அழைப்பு உங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டியது, ஏன் என்று யோசித்து வையுங்கள். "எந்த மாதிரி நோயாளி உங்களுக்குக் கஷ்டமாக இருப்பார்" என்ற கேள்வி கட்டாயம் வரும்; அப்போது உதவும்.

குழுப் பயிற்சி என்று ஒன்று பல இடங்களில் உண்டு. ஏழெட்டு விண்ணப்பதாரர்களை வட்டமாக உட்காரவைத்து ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டு, பேராசிரியர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அதிகம் பேசுகிறவர் ஜெயிப்பார் என்று நினைத்துப் பலர் கெட்டுப்போகிறார்கள். பேசாமலே இருந்தவரை யார் கவனித்தார், தன் கருத்தை மறுத்தவரிடம் யார் முகம் சுளிக்கவில்லை என்பதுதான் அங்கே பார்க்கப்படுகிறது. அதற்கு ஒத்திகை பார்க்க முடியாது, தூங்கிவிட்டுப் போங்கள்.

பரிந்துரைக் கடிதம் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடமிருந்து வர வேண்டும். ஆனர்ஸ் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியவர் ஒருவர், தன்னார்வப் பணியில் உங்களை மேற்பார்வை செய்பவர் ஒருவர். கோயில் தலைவரும் வார்டு கவுன்சிலரும் நல்ல மனிதர்களாக இருக்கலாம். சிறு வயதிலிருந்தே ஒழுக்கமான பெண் என்று அவர்கள் எழுதித் தருவது இங்கே செல்லாது.

மூன்றாவது முறை போடுவதா என்று கேட்டீர்கள். போடுங்கள். ஆனால் அதே கோப்பை மூன்றாவது முறை அனுப்பாதீர்கள். ஒரே இடத்தை நம்பியும் இருக்காதீர்கள். குவாஜூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகங்களைத் தவிர விட்ஸ், கேப்டவுன், ரோட்ஸ், பிரிட்டோரியா, ஃப்ரீ ஸ்டேட் என்று வெளியேயும் பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு குணம் உண்டு. சில இடங்களில் உளப்பகுப்பாய்வு மரபு வேரூன்றியிருக்கும், சில இடங்களில் சமூகப் பணி முன்னால் நிற்கும். அங்கே கற்பிப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, உங்களுக்கு ஒத்துவரும் இடத்துக்குப் போடுங்கள். ஆலோசனை உளவியல் முதுகலையையும் சேர்த்துப் பாருங்கள். அது இரண்டாந்தரம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது, அது தவறு. கடுமையான மனநோய்களைவிட, வாழ்க்கை நெருக்கடிகளோடு போராடுகிறவர்கள்மேல்தான் உங்கள் நாட்டம் என்றால் அதுவே உங்களுக்குப் பொருத்தம். கட்டாயச் சமூகச் சேவை ஆண்டும் அதில் இல்லை. பதிவுபெற்ற ஆலோசகர் என்ற இன்னொரு வழியும் உண்டு. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட நான்காண்டுப் படிப்பும் 720 மணி நேரச் செய்முறைப் பயிற்சியும் வாரியத் தேர்வும் வேண்டும். உங்கள் ஆனர்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததா என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர் தொழிலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். போவதென்றாலும் உங்கள் இளங்கலையில் போதிய பள்ளிப் பாடங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; உளவியலை மட்டும் வைத்து எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள்.

இடம் கிடைத்தால் எம் ஒன் ஆண்டில் கால் சென்டர் வேலையைத் தொடர முடியாது, கட்டணமும் வாடகையும் இருக்கும். அரசு மருத்துவமனை இன்டர்ன்ஷிப்புக்கும் சமூகச் சேவை ஆண்டுக்கும் சம்பளம் வரும். அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குத்தான் இப்போதே சேமிக்க வேண்டும். அந்தச் சேமிப்பு வங்கியில், தம்பியின் கைக்கு எட்டாத கணக்கில் இருக்கட்டும். சமூகச் சேவைக்கு நோங்கோமா, கோக்ஸ்டாட் மாதிரி தொலைவான ஊருக்கு அனுப்பிவிட்டால் வீட்டில் யார் என்ன பார்த்துக்கொள்வது என்பதை அப்பாவோடும் அம்மாவோடும் இப்போதிருந்தே பேசத் தொடங்குங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விண்ணப்பம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும், சில இடங்களில் அதற்கும் முன்பே. ஒவ்வொன்றின் கடைசித் தேதியையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, பரிந்துரையாளர்களிடம் இந்த மாதமே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா